கோர்ட்டுல ஃபைன் போடுறாங்களே, அந்தத் தொகையை எப்படி முடிவு பண்றாங்க?

பேப்பர்ல கோர்ட் செய்தி படிச்சீங்கன்னா கடைசி வரி எப்பவும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி தான் இருக்கும். "குற்றவாளிக்கு 7 ஆண்டு கடுங்காவல் தண்டனையும், 10 ஆயிரம் ரூபாய் அபராதமும், அபராதத்தைக் கட்டத் தவறினால் மேலும் 6 மாத சிறைத்தண்டனையும் விதித்து நீதிபதி தீர்ப்பளித்தார்." இதுல மூணு நம்பர் இருக்கு. நம்ம ஆளுங்க எல்லாரும் முதல் நம்பரை மட்டும் பாத்துட்டு, "சரியான தீர்ப்பு"ன்னோ "இதெல்லாம் ஒரு தண்டனையா"ன்னோ சொல்லிட்டு ராசிபலன் பக்கம் போயிடுவோம். ரெண்டாவது நம்பர், அதான் அந்த 10 ஆயிரம், அது ஏன் 5 ஆயிரமா இல்ல, ஏன் 50 ஆயிரமா இல்ல? மூணாவதா ஒரு 6 மாசம் வருதே அது எங்கேர்ந்து வருது? இந்த ரெண்டையும் தான் இங்க பாக்கப்போறோம், அதுலயும் எனக்கு மூணாவது நம்பர் மேல தான் கண்ணு.

ஒண்ணை மட்டும் முதல்லயே பிரிச்சு வச்சுக்குவோம். ஹெல்மெட் போடாததுக்கு போன்ல ஒரு இ-சலான் வருதுல்ல, அதை நாம ஃபைன்னு சொன்னாலும் அது கோர்ட் போட்ட தண்டனை கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்துல 200-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சின்னக் குற்றங்களை "இந்தக் காசைக் கட்டிடு, கேஸ் வேணாம்"னு அங்கயே முடிச்சுக்க அது வழி பண்ணுது, அதுக்குப் பேரு காம்பவுண்டிங். குடிச்சிட்டு வண்டி ஓட்டினா அந்த வழி இல்ல, கோர்ட்டுக்குத் தான் போகணும், முதல் தடவைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10 ஆயிரம் ஃபைன், இல்ல ரெண்டுமே. நாம பேசப்போறது இந்த ரெண்டாவது வகை, அதாவது ஜட்ஜ் உக்காந்து, குற்றம் நிரூபணம் ஆச்சுன்னு சொல்லி, அப்புறம் போடுற தொகை.

முதல்ல உச்சவரம்பு. ஜட்ஜ் நினைச்ச தொகையைப் போட முடியாது, சட்டம் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு மேல்கோடு போட்டிருக்கும். 2024 ஜூலை 1-லேர்ந்து ஐ.பி.சி.ன்னு சொல்ற இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமா பி.என்.எஸ்., வந்துடுச்சு, இனிமே நடக்குற குற்றத்துக்கெல்லாம் அது தான். ஐ.பி.சி. 1860-ல எழுதினது, அதனால அதுல இருந்த பல தொகைகளைப் பாத்தா சிரிப்பு வரும். குடிச்சிட்டு பொது இடத்துல ரகளை பண்ணா 24 மணி நேரம் ஜெயில் இல்ல 10 ரூபா ஃபைன்னு 2024 வரைக்கும் புஸ்தகத்துல இருந்துச்சு, 10 ரூபாய்க்கு இப்ப ஒரு டீ கூட கிடைக்கிறது கஷ்டம். பி.என்.எஸ்.ல அது 1,000 ரூபா ஆயிடுச்சு, கூடவே சமூக சேவைங்கிற புது தண்டனையும் சேந்துடுச்சு. ஒருத்தரை அடிச்சு காயப்படுத்தினா முன்னாடி 1,000 வரைக்கும், இப்ப 10,000 வரைக்கும். வழிமறிச்சு நிக்க வச்சா முன்னாடி 500, இப்ப 5,000. ஆனா கண்ணுமண்ணு தெரியாம வண்டி ஓட்டுறதுக்கு பழைய சட்டத்துலயும் 1,000 தான், புதுசுலயும் அதே 1,000 தான், அதை ஏன் அப்படியே விட்டாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

பெரிய குற்றங்கள்ல நிலைமை வேற. கொலை, கொள்ளை, நம்பிக்கை மோசடி மாதிரி பிரிவுகள்ல "அபராதமும் விதிக்கப்படும்"னு மட்டும் இருக்கும், தொகை இருக்காது. அப்போ என்ன பண்றது? அதுக்கு பி.என்.எஸ். 8-வது பிரிவு (பழைய ஐ.பி.சி. 63) ஒரே ஒரு வரி சொல்லுது, தொகை குறிப்பிடலைன்னா வரம்பே கிடையாது, ஆனா மிதமிஞ்சி இருக்கக் கூடாது. அவ்ளோ தான். வரம்பு இல்லைன்னு ஒரு கையால குடுத்துட்டு மிதமிஞ்சாதேன்னு இன்னொரு கையால பிடிச்சுக்குது. மிதமிஞ்சினதுன்னா எவ்ளோன்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

இதுக்கு மேல இன்னொரு வரம்பு இருக்கு, அது குற்றத்தைப் பொறுத்தது இல்ல, நாற்காலியைப் பொறுத்தது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 வருஷம் வரைக்கும் ஜெயில் குடுக்கலாம், ஃபைன் 50,000 வரைக்கும் போடலாம். ரெண்டாம் வகுப்புன்னா 1 வருஷம், 10,000. புது சட்டம் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் 10,000, 5,000ன்னு இருந்துச்சு. செஷன்ஸ் ஜட்ஜுக்கு இந்த மாதிரி கயிறு எதுவும் இல்ல. அதனால ஒரே குற்றமா இருந்தாலும் எந்த கோர்ட்ல நடந்துச்சுங்கிறதே தொகையை மாத்திடும்.

சில சட்டங்கள்ல கீழ்க்கோடும் இருக்கு. போதைப்பொருள் சட்டத்துல, கமர்ஷியல் குவான்டிட்டின்னு சொல்ற வியாபார அளவு கஞ்சா பிடிபட்டா குறைஞ்சது 10 வருஷம், ஃபைன் குறைஞ்சது 1 லட்சம். ஜட்ஜுக்கு மனசு இளகினாலும் 99 ஆயிரம் போட முடியாது. இந்த 1 லட்சம் பின்னாடி மறுபடி வரும்.

சரி, மேல்கோடு தெரிஞ்சாச்சு, ஆனா பெரும்பாலான கேஸ்ல மேல்கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கும், அதுல எங்க நிறுத்துறது? 2020-ல சுப்ரீம் கோர்ட் வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு நீதிமன்ற அவமதிப்பு கேஸ்ல 1 ரூபா ஃபைன் போட்டாங்க, ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டத்துல ஃபைன் 2,000 வரைக்கும் போகலாம். 1 ரூபா போட்டது, குற்றம்னு சொல்லியாச்சு, ஆனா உன்னை ஜெயிலுக்கு அனுப்பி பெரிய ஆளாக்க மாட்டோம்ங்கிற கணக்குன்னு நான் நினைக்கிறேன். ஆனா கட்டலைன்னா 3 மாசம் ஜெயில், 3 வருஷம் வக்கீல் தொழில் பண்ணக் கூடாதுன்னும் சேத்து சொல்லியிருந்தாங்க, அதாவது கனம் முழுக்க மூணாவது நம்பர்ல இருந்துச்சு. அவர் 1 ரூபாயைக் கட்டிட்டார்.

நம்ம நாட்டுல தொகையை நிர்ணயிக்க ஒரு டேபிளோ ஃபார்முலாவோ கிடையாது. இங்கிலாந்துல சென்டென்சிங் கவுன்சில்னு ஒரு அமைப்பு இருக்கு, இந்தக் குற்றத்துக்கு இந்த பேண்ட், அதாவது இந்தப் படின்னு அவங்க புஸ்தகம் போட்டிருக்காங்க, பேண்ட் A-ன்னா வாரச் சம்பளத்துல பாதி, பேண்ட் B-ன்னா ஒரு முழு வாரச் சம்பளம், பேண்ட் C-ன்னா ஒண்ணரை வாரச் சம்பளம், அங்கேர்ந்து கொஞ்சம் ஏத்தி இறக்கி, ஆரம்பத்துலயே குத்தத்தை ஒத்துக்கிட்டா மூணுல ஒரு பங்கு வரைக்கும் கழிச்சு, தொகை வரும். நம்ம ஊர்ல அப்படி இல்ல, சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் எல்லாம் அப்பப்போ சொல்லி வச்ச விஷயங்களை வச்சுத் தான் ஓட்டணும்.

அதுல பழசு, முக்கியமானது, 1950கள் தொடக்கத்துல பம்பாய்லேர்ந்து போன ஒரு கள்ளச்சந்தை கேஸ். கடலை எண்ணெய் வியாபாரம், பெரிய தொகை ஃபைன். அதுல சுப்ரீம் கோர்ட் சொன்னதோட சாரம் இது தான்: ஃபைன் போடும்போது குற்றம் எவ்ளோ பெரிசுன்னு பாக்குற அளவுக்கே அந்த ஆளோட பண நிலைமையையும் பாக்கணும், அதோட கணிசமான ஜெயில் தண்டனை குடுத்தாச்சுன்னா அது மேல பெரிய ஃபைனையும் ஏத்தக் கூடாது, ரொம்ப அபூர்வமான கேஸைத் தவிர. ஜெயில்ல இருக்குறவன் சம்பாதிக்க முடியாது, அவன் ஃபைனை யாரு கட்டுவா? பொண்டாட்டி கட்டுவா, அம்மா கட்டுவா, தாலியோ கம்மலோ அடகுக்கடைக்குப் போகும். தண்டனை யாருக்குங்கிற கேள்வி வந்துடுது.

இன்னொண்ணு நம்ம தமிழ்நாட்டுக் கேஸே. 1977. ஒரு கொலை, மரண தண்டனையை சென்னை ஹைகோர்ட் ஆயுளாக் குறைச்சுது, கூடவே 20,000 ரூபா ஃபைன் போட்டுது, அதுல 15,000-ஐ செத்துப்போனவரோட பிள்ளைங்களுக்குக் குடுன்னுச்சு. 1977-ல 20,000ங்கிறது சின்னக் காசு இல்ல. நல்ல எண்ணம் தானே, பிள்ளைங்களுக்குத் தானே போகுதுன்னு நமக்குத் தோணும். சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. முதல்ல பிள்ளைங்களுக்கு எவ்ளோ வேணும்னு கணக்குப் போட்டு அதுலேர்ந்து பின்னாடி நடந்து ஃபைனை முடிவு பண்ணியிருக்கீங்க, அது தலைகீழ், முதல்ல இந்தக் குற்றத்துக்கு, இந்த ஆளுக்கு, என்ன ஃபைன் பொருந்தும்னு பாக்கணும், நஷ்ட ஈடு அதுக்குள்ளேர்ந்து தான் வரணும்னு சொல்லி ஃபைனை 3,000-ஆ குறைச்சுட்டாங்க. அந்த 3,000 முழுசும் பிள்ளைங்களுக்கே போகணும்னும் சொன்னாங்க. இந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு ரெண்டு பக்கமும் பேசலாம், அப்பனை இழந்த பிள்ளைங்க பக்கத்துலேர்ந்து பாத்தா கசப்பா தான் இருக்கும், ஆனா வரிசை என்னங்கிறதை இதைவிட தெளிவா சொன்ன கேஸ் எனக்குத் தெரியல.

ஆக, குற்றத்தோட கனம், ஆளோட வசதி, ஏற்கனவே எவ்ளோ ஜெயில் குடுத்திருக்கு, குற்றத்தால அவன் எவ்ளோ சம்பாதிச்சான், இவ்ளோவும் தட்டுல இருக்கு. கடைசியா சொன்ன அந்த சம்பாத்தியம் இருக்கே, அதைப் புரிஞ்சுக்க ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கை விட நல்ல உதாரணம் கிடையாது.

2014 செப்டம்பர் 27, பெங்களூரு சிறப்பு கோர்ட். ஜெயலலிதாவுக்கு 4 வருஷம், 100 கோடி ஃபைன். சசிகலா, இளவரசி, சுதாகரன் மூணு பேருக்கும் 4 வருஷம், ஆளுக்கு 10 கோடி. டீக்கடைல எல்லாம் "எங்கேர்ந்துய்யா வந்துச்சு இந்த 100 கோடி"ன்னு தான் பேச்சு. அது ஜட்ஜ் வாய்க்கு வந்த நம்பர் இல்ல. ஊழல் தடுப்புச் சட்டத்துல 16-வது பிரிவு இருக்கு, வருமானத்துக்கு மேல சொத்து சேத்த கேஸ்ல ஃபைன் போடும்போது, கணக்குக் காட்ட முடியாத சொத்தோட மதிப்பை கோர்ட் கட்டாயம் கணக்குல எடுத்துக்கணும்னு அது சொல்லுது. அரசுத் தரப்பு சொன்ன சொத்து மதிப்பு 66.65 கோடி, அதுவும் 1990கள் விலையில. 18 வருஷம் கழிச்சு தீர்ப்பு வர்றப்போ அந்த நிலமும் கட்டடமும் எங்க இருந்திருக்கும்னு யோசிச்சா, 100 கோடிங்கிறது எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சுன்னு புரியும்.

இப்ப அதே தீர்ப்போட மூணாவது நம்பருக்கு வாங்க. கட்டத் தவறினால் மேலும் 1 வருஷம். 100 கோடிக்கும் 1 வருஷம், 10 கோடிக்கும் 1 வருஷம். இது ஏன்னா, கட்டலைன்னா போடுற ஜெயிலுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, அந்தக் குற்றத்துக்கு சட்டம் வச்ச அதிகபட்ச ஜெயில்ல நாலுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்போ இருந்த சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் 7 வருஷம், கால் பங்குன்னா 1 வருஷம் 9 மாசம். ஃபைன் எத்தனை கோடியா இருந்தாலும் அதுக்கு மேல போக வழியே இல்ல.

சசிகலா 2020 நவம்பர்ல 10 கோடியைக் கட்டினாங்க, 2021 ஜனவரி 27 ரிலீஸ். சுதாகரனால கட்ட முடியல, கூடுதலா அந்த 1 வருஷத்தையும் இருந்துட்டு 2021 அக்டோபர்ல வெளிய வந்தார். கணக்கு போட்டுப் பாருங்க, 10 கோடியை 365-ஆல வகுத்தா ஒரு நாளுக்கு கிட்டத்தட்ட 2 லட்சத்து 74 ஆயிரம். அங்க ஒரு நாள் ஜெயிலோட விலை அது. இன்னொரு பக்கம், அடிதடி கேஸ்ல ஒரு கூலித் தொழிலாளிக்கு 1,000 ரூபா ஃபைன், கட்டலைன்னா 1 மாசம்னு போட்டா ஒரு நாளோட விலை 33 ரூபா. கால் பங்குங்கிற விதி ஜெயில் காலத்துக்குத் தான் கடிவாளம் போடுது, தொகைக்கும் நாளுக்கும் நடுவுல எந்த முடிச்சும் போடல. நான் முதல்லயே மூணாவது நம்பர் மேல கண்ணுன்னு சொன்னது இதுக்குத் தான்.

அந்தப் போதைப்பொருள் கேஸ் 1 லட்சத்துக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்துலேர்ந்து ஒரு கேஸ், 2007-ல சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. ஒரு ஏழை மனுஷன், சரக்கைச் சுமந்துட்டுப் போனவன், 10 வருஷம் கடுங்காவல், 1 லட்சம் ஃபைன், கட்டலைன்னா மேலும் 3 வருஷம். 10 வருஷம் ஜெயில்ல இருந்தவன்கிட்ட 1 லட்சம் எங்க இருக்கும். 1 லட்சத்தைக் குறைக்க முடியாது, சட்டத்தோட கீழ்க்கோடு. ஆனா 3 வருஷத்தைக் குறைக்கலாம்ல? கோர்ட் ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொல்லுச்சு: ஃபைன் கட்டாததுக்கு இருக்குற ஜெயில், செஞ்ச குற்றத்துக்கான தண்டனை இல்ல, காசு கட்டாததுக்கான விளைவு மட்டும் தான், அதனால அதை முடிவு பண்றப்போ ஆளோட நிலைமை, குற்றத்தோட தன்மை எல்லாம் பாத்து, கடுமையா இல்லாம போடணும். 3 வருஷத்தை 6 மாசமாக்கிட்டாங்க. ஒரு நாளோட விலை 91 ரூபாலேர்ந்து 550 ரூபா பக்கம் ஏறிச்சு.

தண்டனை இல்லைன்னு சொன்னதுக்கு இன்னொரு முகமும் இருக்கு, அது ஆளுக்கு ஆகாத முகம். ரெண்டு மூணு பிரிவுல தண்டனை வந்தா ஜெயில் காலத்தை "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்"னு ஒண்ணா ஓட்ட விடுவாங்க, ஆனா ஃபைன் கட்டாத ஜெயிலை அப்படி ஒண்ணா ஓட்ட முடியாது, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு தான், 2018-ல சுப்ரீம் கோர்ட் இதை உறுதியாவே சொல்லிடுச்சு. அதே மாதிரி விசாரணைக் கைதியா உள்ள இருந்த நாளை தண்டனையில கழிச்சுக்கலாம்ல, அந்தக் கழிவும் இதுக்குக் கிடையாது. அஞ்சு பிரிவு, அஞ்சு ஃபைன், ஒவ்வொண்ணுக்கும் 6 மாசம்னு எழுதிட்டா, காசு இல்லாதவன் ரெண்டரை வருஷம் கூடுதலா இருப்பான். தீர்ப்பு வாசிக்கும்போது இந்த வரியெல்லாம் யாரு காதுலயும் ஏறாது.

ஃபைன் மட்டுமே தண்டனையா உள்ள சின்னக் குற்றத்துக்கு தனிக் கணக்கு: 5,000 வரைக்கும் ஃபைன்னா கட்டாட்டி 2 மாசம் வரைக்கும், 10,000 வரைக்கும்னா 4 மாசம், அதுக்கு மேலன்னா 1 வருஷம், எல்லாமே வேலை வாங்காத மெய்க்காவல் தான், கடுங்காவல் கிடையாது. பழைய ஐ.பி.சி.ல இந்தப் படிகள் 50 ரூபா, 100 ரூபான்னு இருந்துச்சு.

கொஞ்சம் கட்டிட்டு கொஞ்சம் இருக்கலாமான்னு கேப்பாங்க. இருக்கலாம். 12,000 ஃபைன், கட்டலைன்னா 6 மாசம்னு வச்சுக்குங்க. உள்ள போன ரெண்டு மாசத்துக்குள்ள வீட்டாளுங்க 8,000 புரட்டிக் கட்டிட்டாங்கன்னா, பாக்கி 4,000, அதாவது மூணுல ஒரு பங்கு, அதுக்கு ஈடான ஜெயில் 2 மாசம், அந்த 2 மாசம் முடிஞ்ச அன்னிக்கே விடணும். முழுசா எப்ப கட்டினாலும் அப்பவே கதவு திறக்கணும்.

காசு எங்க போகுதுன்னு இப்போ. சாதாரணமா அரசாங்கத்துக்குத் தான். ஆனா கோர்ட் நினைச்சா ஃபைன்ல ஒரு பகுதியையோ முழுசையோ பாதிக்கப்பட்டவங்களுக்குத் திருப்பி விடலாம், கிரிமினல் கேஸை எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டத்துல இது இருக்கு, அதுக்குப் பழைய பேரு சி.ஆர்.பி.சி., அதுல 357-வது பிரிவு, இப்ப பேரு பி.என்.எஸ்.எஸ்., அதுல 395. ஃபைனே போடலைன்னா தனியா நஷ்ட ஈடுன்னு உத்தரவு போடலாம், ஆனா ஃபைன் போட்டாச்சுன்னா அதுக்குள்ளேர்ந்து தான் எடுக்கணும், ரெண்டையும் ஒண்ணா ஏத்த முடியாது. கூட்டுப் பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு மாதிரி குற்றங்கள்ல இது ஜட்ஜோட விருப்பம் கூட இல்ல, ஃபைன் தொகையே பாதிக்கப்பட்டவங்க வைத்தியச் செலவுக்குப் போதுமான அளவு இருக்கணும், அவங்க கைக்கே போகணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. 2013-ல சுப்ரீம் கோர்ட், ஒவ்வொரு கிரிமினல் கேஸ்லயும் நஷ்ட ஈடு குடுக்கலாமாங்கிறதை கோர்ட் யோசிச்சே ஆகணும், குடுக்கலைன்னா ஏன்னு எழுதணும்னு சொல்லுச்சு.

நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பழக்கமான இடம் செக் பவுன்ஸ் கேஸ். அதுல ஃபைன் செக் தொகையோட ரெண்டு மடங்கு வரைக்கும் போடலாம். 2 லட்சம் செக்னா 4 லட்சம் வரைக்கும். ஆனா பல கோர்ட்ல ஒரு 2,000, 5,000 ஃபைன் போட்டு விட்டுடுவாங்க, காசு குடுத்தவர் வெறுங்கையோட வீட்டுக்குப் போய், அதுக்கப்புறம் தனியா சிவில் கேஸ் போட்டு அலையணும். 2011-ல சுப்ரீம் கோர்ட் இதைப் பாத்துட்டு, இந்த மாதிரி கேஸ்ல செக் தொகையையும் வருஷத்துக்கு 9 சதவீத வட்டியையும் மனசுல வச்சு ஃபைன் போட்டு, அதை அப்படியே கம்ப்ளெயின்ட் குடுத்தவருக்குத் திருப்பி விடுங்கன்னு சொல்லுச்சு. இங்க மட்டும் தான் ஃபைன் தொகைக்கு நம்ம நாட்டுல கிட்டத்தட்ட ஒரு ஃபார்முலா இருக்குன்னு சொல்லலாம்.

ஜெயிலுக்குப் பதிலா காசுன்னு கோர்ட்டே மாத்துன கேஸும் உண்டு, அதுல எனக்கு இன்னும் சமாதானம் ஆகல. டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்து, 1997, 59 பேர் செத்தாங்க. தியேட்டர் ஓனர்கள் அண்ணன் தம்பி ரெண்டு பேர். 2015-ல சுப்ரீம் கோர்ட், ஆளுக்கு 30 கோடி கட்டினா ஏற்கனவே இருந்த ஜெயில் காலமே போதும்னுச்சு, அந்தப் பணம் விபத்து சிகிச்சை மையம் கட்டறதுக்கு. பிள்ளைங்களைப் பறிகுடுத்த பெத்தவங்க கொதிச்சுப் போனாங்க. 2017-ல மறு ஆய்வுல தம்பி மட்டும் 1 வருஷத்துல பாக்கி காலத்தை இருக்கணும்னு மாத்தினாங்க, அண்ணனுக்கு வயசைக் காரணம் காட்டி விட்டுட்டாங்க. அந்தப் பிரிவுல அதிகபட்சமே 2 வருஷம் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல ரெண்டும், அதனால சட்டப்படி அந்த வழி திறந்து தான் இருந்துச்சு. 30 கோடி கட்ட முடியாத ஒரு ஓனருக்கு அந்த வழி திறந்திருக்குமாங்கிறது தான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு பின்லாந்து 1921-லயே ஒரு பதில் கண்டுபிடிச்சுது. அங்க ஜட்ஜ் ரூபாய்ல ஃபைன் போட மாட்டார், நாள் கணக்குல போடுவார், உன் குத்தத்துக்கு 20 நாள் ஃபைன். ஒரு நாளோட மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும்: வரி போக மாசம் கைக்கு வர்ற சம்பளத்துல 255 யூரோ கழிச்சு 60-ஆல வகுக்கணும், வீட்டுல சார்ந்து இருக்குறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கழியும். மாசம் 3,255 வாங்குறவருக்கு ஒரு நாள் 50 யூரோ, 20 நாளுக்கு 1,000. 15,255 வாங்குறவருக்கு அதே 20 நாளுக்கு 5,000. குத்தம் ஒண்ணு, நாள் ஒண்ணு, வலியும் ஏறக்குறைய ஒண்ணு. 2023-ல ஆலந்து தீவுல ஒரு பெரிய பணக்காரர் 50-ல போக வேண்டிய ரோட்டுல 82-ல போனதுக்கு 1,21,000 யூரோ ஃபைன் வாங்குனது உலகம் பூரா நியூஸ் ஆச்சு.

அதைக் காப்பி அடிச்சா போதும்னு நினைச்சா இங்கிலாந்தைப் பாருங்க. 1992-ல இதே மாதிரி யூனிட் ஃபைன்னு கொண்டுவந்தாங்க, ஒரு வருஷம் கூட உருப்படியா ஓடல, 1993-ல தூக்கிட்டாங்க. வருமானத்தைச் சொல்லாதவங்களை பெரிய பணக்காரன்னு வச்சுக்கிட்டு கோர்ட் ஃபைன் போடும், அப்படி சிப்ஸ் பாக்கெட் கவரை ரோட்டுல போட்ட ஒருத்தருக்கு 1,200 பவுண்டு வந்துச்சு, அப்புறம் அப்பீல்ல 48 பவுண்டா இறங்குச்சு. பின்லாந்துல வருமான வரிக் கணக்கு வெளிப்படையா கிடைக்கும், அதனால ஓடுது. நம்ம ஊர்ல பாதிப் பேரு வருமானம் எந்தக் காகிதத்துலயும் இல்ல, தள்ளுவண்டிக்காரரோட மாச வருமானத்தை மாஜிஸ்திரேட் எப்படி கண்டுபிடிப்பார்? ஆனா கேக்கவாவது செய்யலாம். தண்டனை சொல்றதுக்கு முன்னாடி "என்ன சொல்றீங்க"ன்னு குற்றவாளிகிட்ட கேக்கணும்னு சட்டத்துல இருக்கு, வாரன்ட் கேஸ்லயும் செஷன்ஸ் கேஸ்லயும். "வயசான அம்மா இருக்காங்கய்யா, பாத்துப் பண்ணுங்க"ன்னு சொல்றதோட அது முடிஞ்சுடுது. உண்மையில வருமானம் எவ்ளோ, கடன் எவ்ளோ, வீட்டுல எத்தனை பேரு, இதை வக்கீல் அந்த இடத்துல காகிதத்தோட சொல்ல வேண்டியது, ஏன்னா அப்பீலுக்குப் போனாலும் ஃபைன் மிதமிஞ்சினதுன்னு காட்ட அது தான் கையில இருக்குற ஒரே ஆதாரம்.

கட்ட வேண்டிய நிலைமை வந்துட்டா சில விஷயம் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. ஃபைன் மட்டும் தான் தண்டனை, கையில உடனே காசு இல்லைன்னா 30 நாள் டைம் கேக்கலாம், இல்ல ரெண்டு மூணு தவணையா கட்டறேன்னு கேக்கலாம், பாண்ட் எழுதிக் குடுக்கணும். கட்டாம இழுத்தா கோர்ட் பொருளை ஜப்தி பண்ணி விக்கலாம், இல்லைன்னா கலெக்டருக்கு எழுதி நிலவரி பாக்கி வசூல் பண்ற மாதிரி வசூல் பண்ணச் சொல்லலாம். கட்டாததுக்கான ஜெயிலை முழுசா இருந்து முடிச்சிட்டா அப்புறம் சாதாரணமா ஜப்திக்கு வர மாட்டாங்க, வரணும்னா தனிக் காரணம் எழுதணும், பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டிய காசா இருந்தா அது வேற. தீர்ப்புலேர்ந்து 6 வருஷம் வரைக்கும் வசூல் பண்ணலாம், தண்டனைக் காலம் அதைவிட நீளம்னா அது முடியுற வரைக்கும். ஆள் செத்துட்டாலும் சொத்து மேல கடன் மாதிரி நிக்கும். அப்போ ஜெயலலிதாவோட 100 கோடி என்னாச்சுன்னு கேப்பீங்க. அவங்க 2016 டிசம்பர்ல இறந்தப்போ கர்நாடக ஹைகோர்ட் விடுதலை பண்ணியிருந்துச்சு, அதை எதிர்த்த அப்பீல் தான் சுப்ரீம் கோர்ட்ல நிலுவையில இருந்துச்சு, விடுதலையை எதிர்த்த அப்பீல் ஆள் இறந்தா அதோட முடிஞ்சுடும். அதனால 2017 பிப்ரவரி தீர்ப்பு மத்த மூணு பேரைத் தான் பிடிச்சுது, 100 கோடியை வசூலிக்கணும்னு கர்நாடக அரசு போட்ட மறு ஆய்வு மனுவும் அதே வருஷம் தள்ளுபடி ஆயிடுச்சு.

காசே இல்லாம உள்ள கிடக்குறவங்களுக்கு 2023-ல மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு, ஏழைக் கைதிகளுக்கு உதவி. தண்டனைக் கைதியோட ஃபைனுக்கு 25,000 வரைக்கும், ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 வரைக்கும் அரசே கட்டும்னு 2023-ல வச்சாங்க, யாருக்குன்னு மாவட்டக் கமிட்டி முடிவு பண்ணும். எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது, போதைப்பொருள், ஊழல், தீவிரவாதம் மாதிரி கேஸ்களுக்கு இல்ல. தெரிஞ்சவங்க யாராவது தண்டனைக் காலம் முடிஞ்சும் ஒரு 5,000, 10,000 ஃபைனுக்காக உள்ள இருந்தா, ஜெயில் சூப்பிரண்டண்ட் ஆபீஸ்லயோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுலயோ (பெரும்பாலும் மாவட்ட கோர்ட் வளாகத்துலயே இருக்கும்) இந்தத் திட்டத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க, தீர்ப்பு நகல் ஒண்ணு கையில வச்சுக்குங்க.